காட்சிப்பொருள் பதினேழு

முன்பு இது பிள்ளைக்காம்பரா.
கொழுந்துக்குப் போன தாய்மார் விட்டுப்போகும்
தூளிகளுக்கான இரும்புக் கொக்கிகள்
இன்னும் விட்டத்தில் இருக்கின்றன, ஒன்பது.
ஒன்றில் இப்போது தப்பு தொங்குகிறது.
ஒன்றில் காமன் கூத்தின் ரதி கட்டும் சேலை.
மற்ற ஏழும் சும்மா.
சும்மா இருப்பதும் காட்சிதான் என்றார்
எங்கள் கமிட்டியில் காலேஜ் வாசல் மிதித்த
ஒரே ஆளான ரட்ணசிங்கம்.

ஞாயிறு பத்து மணிக்குத் திறப்பேன்.
விடிய விடிய ஃபேக்டரியில் தூள் சலித்த கை;
பூட்டுக்கும் தேயிலை வாசம் ஏறிவிட்டது.
கட்டணம் ஐந்து ரூபாய், கொடுத்தால் வாங்குவேன்.

கொளப்பள்ளிப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வருவார்கள்.
கூடலூர்ப் பாதையில் வழி தவறிய கார்கள் வரும்.
ஒருமுறை யானை வந்தது.
மேற்குச் சுவரைத் தள்ளிக்கொண்டு நுழைந்து
லயத்து உப்புப்பெட்டியை மட்டும் பார்வையிட்டது.
பெட்டி பழையது. உப்பு புதியது.
நிஜ உப்பு போட்டு வைத்தது என் யோசனை.
அதற்கு நான் வாங்கிய திட்டை
எந்தக் கண்ணாடிக்குள்ளும் வைக்க முடியாது.

அங்கே எங்களுக்கு இந்தியாக்காரன் என்று பேர்,
இங்கே சிலோன்காரன்.
இரண்டையும் பெரிதாக எழுதி
எதிரெதிர்ச் சுவரில் மாட்டலாமா என்று பேச்சு வந்தது.
நடுவில் நிற்கிறவனுக்குக் கழுத்து சுளுக்கும் என்று
விட்டுவிட்டோம்.

பதினேழாம் எண்:
குடும்ப அட்டை, மண்டபம் முகாம்,
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து நான்கு.
ஆண்டி மகன் வீரமலை, மனைவி அங்காயி,
பிள்ளைகள் மூவர்,
அதில் ஒரு பெயர் அடிக்கப்பட்டிருக்கிறது.
ஏன் என்று பிள்ளைகள் கேட்கும்.
கப்பலில் என்பேன். அதற்கு மேல் கேட்காது.

போன ஞாயிறு மழை.
யோகமலர் குடையை வெளியே சாத்திவிட்டு வந்தாள்,
வீரமலையின் மருமகள், அட்டையைத் தந்தவள்.
'அந்தக் கார்டு வேணும்ண்ணே.
பாப்பாவுக்கு நர்ஸிங்ல சீட்டு கெடச்சிருக்கு.
சாதிச் சான்றிதழுக்கு ஒரிஜினல் கேக்குறாங்க
பந்தலூர்ல.
ஜெராக்ஸ் செல்லாதாம்.'

நன்கொடைப் பதிவேட்டைப் புரட்டினேன்.
கொடுத்ததைத் திரும்பக் கேட்டால்
என்ன செய்வது என்று ஒரு வரியும் இல்லை.
ரட்ணசிங்கத்துக்குப் போன் போட்டேன்.
நெடுநேரம் அந்தப் பக்கம் மழைச் சத்தம்.
பிறகு, 'ஆறு ஸ்க்ரூ இருக்கும், பாத்துக் கழட்டு.'

நான்கு கழன்றன. ஐந்தாவது துருவோடு அடம்பிடித்தது.
ஆறாவது எப்போதோ விழுந்துபோயிருக்கிறது.
ஈரத்தில் அட்டை
அடியில் விரித்த வெள்ளைத் துணியோடு ஒட்டியிருந்தது.
சூடு குறையாத தூளைக் கையில் அள்ளிப் பதம் பார்ப்பேனே,
அந்த விரல்களால் உரித்தேன்,
ஓர் ஓரமாக, மூச்சை அடக்கி.
யோகமலர் என் கையைப் பார்க்கவில்லை,
விட்டத்துக் கொக்கிகளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

பாலித்தீன் உறையில் போட்டு, ஜாக்கெட்டுக்குள் வைத்து
நாலரை மணி பஸ்ஸுக்கு ஓடினாள்.
குடையை மறந்துவிட்டாள்.

பெட்டிக்குள் பார்த்தேன்.
அட்டை இருந்த இடம் மட்டும் வெளுத்த செவ்வகம்,
அதன் மூலையில்
பின்பக்கத்து முத்திரை துணியில் இறங்கியிருந்தது.
நீல வட்டம். எழுத்துகள் இடம் வலம் மாறி.
கண்ணாடி பிடித்தால் படிக்கலாம்.

துணியை மாற்றவில்லை.
பெயர்ச்சீட்டின் கீழே பேனாவால் எழுதினேன்:
'தற்போது பயன்பாட்டில் உள்ளது.'

இன்று திறக்க வருகிறேன்,
வாசலில் நான்கு பேர்.
ஒன்பதாம் எண்ணின் மகன் நிற்கிறான்.
இருபத்திரண்டின் பேத்தி, கையில் ஏதோ நோட்டீஸ்.
மற்ற இருவரை எனக்குத் தெரியாது.
யாரும் பார்க்க வந்தவர்கள் மாதிரி இல்லை.

திரும்பிப் போய்
ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு வந்தேன்.
துருவுக்குக் கொஞ்சம் தேங்காயெண்ணெயும்.