மற்றவை

படிவத்தில் சுவர் வகைக்கு நான்கு பெட்டிகள்:
செங்கல், மண், ஓலை, மற்றவை.

சூறாவளி போய் மூன்று மாதம்.
நான் கட்டடப் பரிசோதகன்.
களுவாஞ்சிகுடியிலிருந்து கல்லாறு வரை
என் சைக்கிள் நுழைந்த வளவுகளில்
முழுதாய் இருந்தது கிணறு மட்டும்.
மணலுக்குள் இறக்கிய கொங்கிறீற்று வளையங்கள்
அசையாமல் இருந்தன,
உள்ளே தண்ணீர், தண்ணீரில்
யாருடையதோ கூரைத் தகரம்.

வளையம் வார்த்தவன் நல்லரெத்தினம்.
"தண்ணி குடியிருக்குகா,
மனுசன் குடியிருக்க ஏலாதா?"
நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.

வழி கிடைத்தது ஆதம்லெப்பை நானாவின் கடையில்.
விடியப்புறம் பலகைகளை ஒவ்வொன்றாய்க் கழற்றி
எண் பார்த்து அடுக்குவார் நானா.
இருட்டினால்
எண் பார்த்துக் காடியில் இறக்குவார்.
ஐந்து நிமிடத்தில் ஒரு சுவர்.
மூன்று காலை வாய்திறக்காமல்
பார்த்துக்கொண்டு நின்றவனுக்கு
நானா கடன் கொப்பியை விரித்துக் காட்டினாராம்,
வெட்கத்தில் நிற்கிறான் என்று நினைத்து.

தூணுக்கு இருபுறமும் காடி.
பலகை ஐந்தடி நீளம், ஓரடி அகலம்,
இரண்டங்குலத் தடிப்பு.
அச்சில் ஒட்டாமலிருக்கக் கழிவு எஞ்சின் ஒயில்.
மணலை நாக்கில் வைத்துப் பார்ப்பான்;
உப்புக் கரித்தால்
லோட்டோடு திருப்பி அனுப்புவான்.
ஈரம் காயுமுன் ஆணியால் எண் கீறுவான்,
அவனுடைய ஏழுக்கு
இடுப்பில் ஒரு குறுக்குக் கோடு.
பிறகு ஈரச்சாக்குப் போர்த்தி
காய்ச்சல்காரப் பிள்ளையைப் போல
பதினான்கு நாள் பக்கத்திலேயே இருப்பான்.

முதற் பலகை தூக்கும்போதே முறிந்தது.
மூன்றாவது
அவன் கால் பெருவிரலின் நகத்தை எடுத்தது.
ஒன்பதாவதை இரண்டு கல்லில் கிடத்தி
நெல்மூட்டை ஏற்றச் சொன்னேன்.
மூன்றாம் மூட்டைக்கு
நான்தான் கண்ணை மூடினேன்.

வீடு பறுவதத்துக்கு.
அவள் நாள் பார்க்கப் போனாள்.
சாத்திரியார் ஒரு கிழமை பஞ்சாங்கத்தோடு மல்லுக்கட்டி
ஆளனுப்பிக் கேட்டார்:
வீடு பிறந்த நேரம் எது,
வார்த்ததா, நிறுத்துவதா?
எத்தனையாம் பலகைக்குப் பார்க்க?
"ஏழுக்குப் பாக்கச் சொல்லுங்க" என்றாள்,
வாசலோரம் வரும் பலகை அது.

காலையில் முதல் தூண்.
பின்னேரம் நாலு மணிக்கு
அவள் உள்ளே அடுப்பு மூட்டினாள்.
நான் செங்கல்லில் பேனையை வைத்து, எடுத்து,
மற்றவையில் புள்ளடி போட்டேன்.
விபரத்துக்கு ஒரே வரி இடம்.
"கடைப் பலகை போல" என்று எழுதினேன்.
கச்சேரி திருப்பி அனுப்பியது:
தெளிவாக எழுதவும்.

பதினொரு வருசம் அந்த வீட்டில் மழை ஒழுகவில்லை.
தொண்ணூறில் ஊர் எழும்பி ஓடியது.
திரும்பி வந்தால்
பறுவதத்தின் வளவில் வீடில்லை.
இடித்திருந்தால் குவியல் கிடந்திருக்கும்.
தூண் நின்ற குழிகள் மட்டும்
வரிசை பிசகாமல்.
கழற்றக்கூடியதாய்ச் செய்தவன்
கழற்றுகிறவர்களை யோசிக்கவில்லை.

பாலத்தடிக் காவலரணில் கண்டேன்,
மண்மூட்டைகளுக்கு மேலே தலைகீழாய் ஓர் ஏழு.
இடுப்பில் குறுக்குக் கோடு.
தினமும் அதைத் தாண்டித்தான் கந்தோருக்குப் போனேன்.
யாரிடமும் சொல்லவில்லை.

ஒருநாள் வரிசையில்
எனக்கு மூன்று பேர் முன்னால் நல்லரெத்தினம்.
அடையாள அட்டையை நீட்டிய கை நீட்டியபடி நிற்க
மற்றக் கை பலகையைத் தடவியது.
விளிம்பு. காடி.
சன்னம் பட்டுப் பொளிந்த ஒரு குழி;
அதற்குள் விரலை விட்டு
நகத்தால் சுரண்டினான்.
சிப்பாய் துவக்கை உயர்த்திக் கத்தினான்.
இவன் திரும்பி, வரிசைக்கு மேலால்
என்னைத் தேடிப் பிடித்துச் சொன்னான்:
"கம்பி தெரியல்லகா!"

மத்தியானம் வரை
வெயிலில் இருத்தி வைத்தார்கள்.
அந்தச் சுவரில் சாய்ந்துதான் இருந்தான்.