ஒரு மணி ஏலம்

ஈசஃப்யோர்துரில் பகல் ஒரு மணிக்கு
மீன் ஏலம் திக்குகிறது.
விலையை அழுத்திய தோர்கில்ஸ்
விரலை எடுக்காமலே திரையைத் திட்டுகிறான்.
பெட்டியில் காட் மீன்; அதற்கென்ன,
பனிக்கட்டி இருக்கிறது.

ஹல்பெரா கோப்புகளின் கணக்கைத் திறக்கிறாள்:
எத்தனை வாசிப்பு, எத்தனை எழுதல்,
வட்டின் வாசலில் நின்ற மில்லிநொடி எத்தனை.
சர்வர் விழித்த நாள்முதல் கூட்டிக்கொண்டே வந்த தொகை.
பழைய சண்டையெல்லாம் சேர்த்துப் பேசும் வாய் மாதிரி,
இன்றைக்கு எங்கே வலி என்று சொல்லாது.

ஒன்றடிக்க இரண்டு நிமிடம் இருக்கையில் ஒரு தடவை,
அடித்து மூன்றாம் நிமிடம் ஒரு தடவை
குறித்துக்கொண்டு
பின்னதிலிருந்து முன்னதைக் கழித்தாள்.

ஏலக் கோப்பு கேட்டது கொஞ்சம்தான்.
ஒவ்வொரு எழுதலுக்கும் காத்ததோ
முந்நூற்றுப் பன்னிரண்டு.
அதே வட்டில், அதே ஐந்து நிமிடத்தில்
யாரோ மொத்தக் கிடங்கையும் நகலெடுக்கிறார்கள்.

யாரோ அல்ல.
வேலைக்குக் கீழே அவள் பெயர்,
இரண்டு குளிர்காலம் முந்தைய தேதி,
‘மதியம் ஆள் இருக்காது’ என்று அவளே எழுதிய குறிப்பு.
ஏலம் அப்போது காலையில் நடந்தது.

நகலை இரவு மூன்றுக்குத் தள்ளினாள்,
பதிவுக் கோப்பை வேறு வட்டுக்கு.
முந்நூற்றுப் பன்னிரண்டு, நான்கு ஆயிற்று.

மறுநாள்
தோர்கில்ஸ் அழுத்தினான்; அழுத்தியதும் மீன் அவனுடையது.
யோசிக்க நேரமே தரவில்லை என்று
இப்போது அதற்குத் திட்டுகிறான்.