நேர்ச்சை இல்லை

மொட்டையடித்துக்கொண்டு வந்த அன்று
சின்னப்பாலம் முழுக்க ஒரே கேள்வி:
வேளாங்கண்ணியா, ஏர்வாடியா,
யாருக்கு நேர்ந்துக்கிட்ட?

யாருக்கும் இல்லை என்றேன்.

மாதாவுக்கென்றால்
சந்தனம் தடவி விட்டிருப்பார்கள்.
அப்பன் படகுக்கு, தம்பி விடுதலைக்கு,
வராத மாப்பிள்ளைக்கு,
எதற்காவது.
சும்மா இறக்கியதைத்தான்
ஊரால் தாங்க முடியவில்லை.

பாசி எடுக்க முங்கும்போது
கண்ணாடி வாரில் சிக்கும்,
உப்பில் திரிதிரியாகும்.
சொல்லியிருக்கலாம்.
சொல்லவில்லை.
காரணம் சொல்லத் தொடங்கினால்
அங்கேயே மறுபடி முடி வளர்ந்துவிடும்.

தடைக்காலத்தில் மூடிக் கிடந்த ஐஸ் கம்பெனியில்
நாங்கள் மூன்று பேர்.
ரெக்சனின் கிடாரில் நாலு கம்பி,
மிச்சம் ரெண்டு மதுரைக்குப் போனால்தான்.
முபாரக் டிரம் என்று அடிப்பது
மீன்பெட்டியும் டீசல் கேனும்.
எனக்குக் குரல் கிடையாது, தொண்டை உண்டு.

பங்க் என்று ரெக்சன்தான் போனில் போட்டுக் காட்டினான்.
ரெண்டு நிமிஷம்,
யாரோ ஒருத்தி நெஞ்சு கிழியக் கத்துகிறாள்.
என்னடா சொல்றா?
'என்னைக் கேக்க நீ யாருங்கறா.'
அதுக்கு இவ்வளவு இங்கிலீஷா.
நம்மிடம் ஒரே சொல் இருக்கிறது,
தலையில் ஒன்று, வாயில் வேறொன்று.

என் மயிரு என் மயிரு
நேர்ச்சையில்ல நேரமில்ல
கேட்ட வாய்க்கு ஒரு பிடி

முதல் தடவை கத்தியபோது
தகரக் கூரையிலிருந்து
புறாக்கள் எல்லாம் வெளியேறின.

இரண்டாம் சரணத்தில் ஆள்வைத்து அடித்தேன்.
எதிர்வீட்டுக் கேட்டில் நின்று
நான் வீடு திரும்பும் நேரத்தை
எண்ணுகிறவளை.

கேட்டுக்காரி கேட்டுக்காரி
கண்ணு ரெண்டும் பூட்டுச்சாவி
புருசன் விட்ட வீட்டுக்குள்ள
பொழுது போக ஊர்க்கணக்கு

வாசலில் யாரோ.
எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை.
கையில் காலி மண்ணெண்ணெய் கேன்.
முபாரக் குச்சியைக் கீழே வைத்தான்.

'மத்ததெல்லாம் சரி.
எண்ணுறேன். எண்ணுவேன்.
அந்த மூணாவது அடி
ஊர் சொன்னதுல்ல,
இதுல நீ சொன்னது எதுடி?'

மொட்டைத் தலையில்
முதன்முறையாகக் குளிர் தெரிந்தது.

'அடிக்கிறதுன்னா பேரைப் போட்டு அடி.
அமலோற்பவம்.'

போய்விட்டாள்.
முபாரக் மெதுவாகத் தட்டிப் பார்த்தான்:
அ-ம-லோற்-ப-வம்.
தாளத்துக்குக் கச்சிதமாக உட்காருதே
என்றான் பாவி.

மூன்றாவது அடியை எடுத்துவிட்டோம்.
வேறு எதுவும் அங்கே நிற்க மாட்டேனென்கிறது.
இப்போது அந்த இடத்தில்
டீசல் கேன் மட்டும்
நாலு அடி வாங்கும்.

மன்னிப்பு கேட்டேனா என்றால், இல்லை.
மறுநாள் ராத்திரி கேட்டில் நின்றாள்.
கடல்காற்றில் தெருவிளக்கு ஆடிக்கொண்டிருந்தது.

'பத்தேகால்' என்றாள்,
தெரு முழுக்கக் கேட்கும்படி.

'பத்து பதினெட்டு' என்றேன்,
அதைவிடச் சத்தமாக.