இன்னொரு ஜாக்கெட்டின் பையில்

எழுபது கிலோமீட்டர் வேகத்தில்
ஒரு தேனீ, ஒரு கூழாங்கல்.
முகக்கண்ணாடியை விரலளவு திறந்திருந்தேன்.
ஜூன் மாதம் நிக்குலிட்செல் காடு முழுக்க
லிண்டன் பூத்துக் கிடக்கையில்
அதை மூடிக்கொண்டு ஓட்ட யாருக்கு மனம் வரும்.

கல் என்றால் விழுந்துவிடும்.
இது கன்னத்துக்கும் பஞ்சுக்கும் நடுவே
எழுந்து நடந்தது.
பின்னால் மணல் லாரி.
சட்டென்று பிரேக் போட முடியாது.
கியரைக் குறைத்து, ஓரம் கட்டி, கால் ஊன்றுவதற்குள்
காதுமடலுக்குக் கீழே
கொட்டிவிட்டது.

கையுறையோடு கழுத்துப் பட்டை அவிழாது.
பல்லால் கடித்துக் கையுறையை இழுத்தேன்.
ஹெல்மெட் கழன்றபோது அது உள்ளே கிடந்தது,
வயிறு பிய்ந்து, இன்னும் கால் உதறிக்கொண்டு.
அதன் வேலை முடிந்துவிட்டது.

முதலில் உள்ளங்கை.
பிறகு உள்ளங்கால், பூட்ஸுக்குள்,
சொறிய வழியே இல்லாத இடம்.
போன வருடமும் இப்படித்தான் என்று
எனக்கு முன்பே உடம்புக்கு நினைவு வந்தது.
ஊசி எங்கே என்றது.
நெஞ்சுப் பையைத் தட்டினேன். இடுப்புப் பையை.
டேங்க் பையில் தண்ணீர் மீட்டர் அட்டைகள்,
ரசீதுப் புத்தகம், பாதி பன்.
ஊசி குளிர்கால ஜாக்கெட்டில் இருக்கிறது.
குளிர்கால ஜாக்கெட் துல்ச்சாவில்
என் வீட்டுக் கதவின் பின்னே ஆணியில்
பத்திரமாக இருக்கிறது.

கண்ணுக்கெட்டிய தூரத்தில் மனிதர் என்று
இரண்டே பேர்.
அவர்களைச் சுற்றி அறுபது பெட்டி,
நீலமும் மஞ்சளுமாய், லாரியிலும் புல்லிலும்.
கொட்டியது அங்கிருந்துதான் வந்திருக்க வேண்டும்.
அங்கேதான் நடந்தேன்.
உதடு வேறு யாருடையதோ போல் கனத்தது.
காற்று இருந்தது,
தொண்டை அதை எண்ணி எண்ணி உள்ளே விட்டது.

அந்த அம்மாள் என்னைப் பார்த்தாள்.
எதுவும் கேட்கவில்லை.
கழுத்துக் கயிற்றை இழுத்தாள். சிலுவை வரும் என்று நினைத்தேன்,
சிலுவையோடு ஒரு ஊசிக்குழலும் வந்தது.
இருபத்தாறு வருடம் கொட்டு வாங்கி
இருபத்தேழாவதில் உடம்பு பகையாகிப்போனவளாம்.
"பந்தெலிமோன், ஆம்புலன்ஸைக் கூப்பிடு."
மல்லாக்கப் படுக்கவைத்தாள்.
ஜீன்ஸோடு தொடையில் குத்தி, அழுத்திப் பிடித்து,
ரஷ்ய மொழியில் எண்ணினாள்.
காலைத் தூக்கிக் காலிப் பெட்டிமேல் வைத்தாள்.
எழுந்திருக்காதே, என்றாள். செத்துப்போவாய்.

இதயம் ஐந்தாம் கியரில் ஓடியது,
நான் படுத்தே கிடந்தேன்.
மேலே இலை. இலைக்கு மேலே இரைச்சல்.
தலையைத் திருப்பியபோது அவளைக் காணவில்லை.
லாரியின் முன்னறையில் இருந்தாள்,
கண்ணாடிகளை மேல்வரை ஏற்றிவிட்டு,
அந்த வெயிலில், முகம் வேர்த்து ஒழுக.
அவளிடம் இருந்தது அந்த ஒன்றுதான்.

ஆம்புலன்ஸ் பையன் பெயர் கேட்டான்.
ஜம்ஃபிரா என்றேன், வீங்கிய நாக்கால்.
அவன் எழுதிக்கொண்டது அன்ஃபா.
இன்னொரு தடவை வரலாம் என்று
ராத்திரி முழுக்க ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள்.
வரவில்லை.
விடுவிப்புச் சீட்டில் உள்ளபடி
பிழைத்தவள் அன்ஃபா.

வண்டியை எடுக்கப் பதினோராம் நாள்தான் போனேன்.
லிண்டன் உதிர்ந்திருந்தது.
லாரி இல்லை. புல்லில் மட்டும்
வெளுத்துப்போன சதுரங்கள், அறுபது இருக்கும்.
ஹெல்மெட்டை யாரோ பிளாஸ்டிக் பையில் சுற்றி
ஹேண்டில்பாரில் கட்டியிருந்தார்கள்.
உள்ளே துடைத்திருந்தது.

அடுத்து சூரியகாந்திக்குப் போயிருப்பார்கள்.
சூரியகாந்தி இந்தப் பக்கம்
எங்கே இல்லை.
இப்போது மீட்டர் பார்க்கும் ஊரிலெல்லாம்
முகக்கண்ணாடியை இறுக மூடிக்கொண்டு
வரப்பு வரப்பாய் நீல மஞ்சளைத் தேடுகிறேன்.
நெஞ்சுப் பையில் ஊசி இரண்டு.
ஒன்று என்னுடையது.