எட்டு ஜன்னல், ஒரு கதவு

பாஸ்கல் அளவு நாடாவை
மூன்றாம் முறையும் இழுத்துப் பார்த்துவிட்டு
"இந்த வீட்டில் எந்த இரண்டு ஜன்னலும்
ஒரே அளவில் இல்லையே அம்மா" என்றான்.

தெரியும்.
சுவரை அறுத்தவனையும் தெரியும்.
எண்பத்தேழாம் வருடக் கோடை,
ஒரு கையில் ரம்பம், மறு கையில் பியர்.
ரசமட்டம் காரின் டிக்கியில் கிடந்தது.
கண்ணே போதும் என்றான் ரெய்யோ,
ஒரு கண்ணை மூடிக்கொண்டு.

விவாகரத்தில் வீடு எனக்கு, படகு அவனுக்கு.
பிரித்துக் கொடுத்த வக்கீல்
கோணலை யார் பங்கில் எழுதுவதென்று கேட்கவில்லை.
இப்போது பாஸ்கல் எழுதுகிறான்:
தனி அளவு, தனி விலை,
ஜன்னலுக்கு இருநூற்றுப் பத்து டாலர் கூடுதல்.

தண்டர் பே குளிர் உங்களுக்குத் தெரியாது.
சுப்பீரியர் ஏரிக் காற்று
ஊசி நுழையாத இடத்தில் நுழைந்து
மேஜைமேல் சிந்திய உப்பைக் கலைக்கும்.
ஜனவரியில் பனி கண்ணாடியின் உள்பக்கம் பூக்கும்.
அதைக் கடன் அட்டையால் சுரண்டுவேன்.
அந்த மாதத்தில் அட்டைக்கு வேறு வேலை இருக்காது.

இரண்டடுக்கா, மூன்றடுக்கா?
நடுவில் ஆர்கான் இருக்கும் என்றான்.
என்ன அது?
"ஒரு வாயு. நிறமில்லை, மணமில்லை,
எதனோடும் ஒட்டாது."
ரெய்யோவின் அண்ணன் நினைவுக்கு வந்தான்.
அதற்கும் காசா?
அதற்கும் காசு.

மொத்தம் இருபத்திரண்டாயிரத்து அறுநூறு.
"இன்றே கையெழுத்துப் போட்டால்..." என்று
மீதி வாக்கியத்தைக் காப்பியோடு விழுங்கினான்.
யோசிக்காமல் நான் கையெழுத்துப் போட்ட ஒரே காகிதம்
கல்யாணப் பதிவேடு என்றேன்.
வெள்ளிக்கிழமை மறுபடி வந்தான்,
இரண்டாயிரம் குறைத்துக்கொண்டு,
மேலாளரோடு சண்டை போட்டவன் முகத்தோடு.

அறுபது தவணை.
கடைசித் தவணையில் எனக்கு எழுபத்தொன்று.
மருந்துக் கடையில் வாரம் மூன்று நாள் நிற்பவள்
நான்காக்கிக்கொண்டேன்.
வியாழக்கிழமை ஜன்னலுக்குப் போயிற்று.

கதவு வெள்ளையென்றால் கூடுதல் இல்லை.
வேறெந்த நிறமும் நானூற்றைம்பது.
கடுகுப் பூ மஞ்சள் என்றேன்,
அவன் விலையைச் சொல்லி முடிக்கும் முன்பே.
பிறகு கைப்பிடிக்கு அரைமணி நேரம் மல்லுக்கட்டினேன்,
யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குப் பேரம்.

மே மாதம் கோர்டியும் அவன் மச்சானும் வந்து
பழைய சட்டங்களை நெம்பினார்கள்.
சுவருக்குள்ளிருந்து
பழுத்த ஃபின்னிஷ் செய்தித்தாள் உருண்டைகள்,
மூன்று பியர் மூடி,
இடது கைக்கான ஒற்றைத் தோல் உறை.
அந்த உறைக்காக ஒரு வாரம் பேசாமலிருந்தோம்.
நாய்தான் தின்றதென்று
நாயை இரண்டு இரவு வெளியே கட்டினோம்.
குப்பையா என்றான் கோர்டி.
பதில் சொல்ல நேரமாயிற்று எனக்கு.

முதல் ராத்திரி
தானிய ரயில் ஓசையில்லாமல் போனது.
ஃபிரிட்ஜ் பேசியது. கடிகாரம் பேசியது.
இரண்டுக்கும் சொல்ல அப்படியொன்றும் இல்லை.
மறுநாள் எட்டரைக்கு எழுந்தேன், வேலைக்குத் தாமதம்.

ஞாயிறன்று ரெய்யோ வந்தான்,
படகு வண்டியின் உபரிச் சக்கரத்துக்காக.
அழைப்பு மணி இன்னும் இணைக்கவில்லை.
கதவைத் தட்டியிருக்கிறான்.
நாலடி தள்ளிப் பாத்திரம் கழுவிய எனக்குக் கேட்கவில்லை.
தற்செயலாகத் திரும்பினால்
ஜன்னலுக்கு வெளியே அவன்,
ஐஸ் துளையிலிருந்து இழுத்துப் போட்ட மீன்போல
வாய் திறந்து மூடுகிறது.

உடனே போகவில்லை நான்.
அவனும் கூப்பிடுவதை விட்டுவிட்டான்.
ஒரு கண்ணை மூடி,
சட்டத்தின் விளிம்பில் கட்டைவிரல் வைத்து
மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் பார்த்தான்.
தலையை ஆட்டினான்.
ஏதோ சொன்னான்.
நேராக இருக்கிறது என்றிருக்கலாம்.
எவ்வளவு ஆயிற்று என்றுமிருக்கலாம்.

கையைத் துடைத்துக்கொண்டு போய்
கைப்பிடியைத் திருப்பினேன்.
எந்தப் பக்கம் திரும்பும் என்பது
இன்னும் பழகவில்லை.