அடிக்குறிப்பு பதினான்கு

கொம்பனித்தெருவில் மூன்றாம் மாடி.
ஏசி ஒழுகும் மூலையில் வாளியை வைத்துவிட்டு
ஒரு கொம்பனியின் ஆண்டறிக்கையை வாசிக்கிறேன்.
நூற்றியெழுபது பக்கம், வழவழப்பான தாள்.
அட்டையில் ஒரு குழந்தை சிரிக்கிறது.
எந்த ஊர்க் குழந்தை என்று போடவில்லை.

என் வேலை அவர்களின் வலிப்பு மாத்திரைக்கு
இந்தத் தீவில் பதிவு புதுப்பிப்பது.
படிவம், மாதிரி, முத்திரை, தொகுதி இலக்கம்.
அறிக்கையை வாசி என்று யாரும் சொல்லவில்லை.
மழை. பஸ் இல்லை. வாசித்தேன்.

பக்கம் எண்பத்தேழு, அடிக்குறிப்பு பதினான்கு,
எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து:
எமது உள்நாட்டுச் சந்தை, ஒரே சுங்க எல்லைக்குள்,
இரு நிலப்பரப்புகளையும் அடக்கும்.

அடக்கும்.
மனதுக்குள் தமிழில் பெயர்த்தபோது
இந்தச் சொல்தான் வந்து விழுந்தது.
வேறு சொல் தேடினேன்.
இதுவே சரி.

இரண்டாவது நிலப்பரப்பிலும் ஒரு மருந்துச்சாலை உண்டாம்.
அதே மாத்திரை, பாதி விலை.
அதன் மூலப்பொடி கதவடியில் நாற்பது நாள்
வெயிலில் கிடந்து கட்டிபட்டுப் போகும்.
கொம்பனியின் லொறிக்குக் கதவே இல்லை.
பெட்டிக்குள் மடித்த துண்டுத்தாள்
கதவுக்காரரின் மொழியில் மட்டும் பேசும்.
காலையா இரவா, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா,
நோயாளி நிறம் பார்த்து விழுங்க வேண்டியதுதான்.
விழுங்கிய ஒவ்வொன்றுக்கும் வரி,
அந்த வரியில் கதவுக்குச் சம்பளம்.

பழைய பில்லின் முதுகில் கணக்குப் போட்டேன்.
இங்கே ஒரு மாத்திரை நாற்பத்திரண்டு ரூபா.
இலாபம் போக, வரி போக, வரியில் படைக்குப் போக,
படையில் அந்த ஒரு கதவின் பிணைச்சலுக்குக் கிரீஸ் போக...
நான்காம் தசமத்தில் பேனை நின்றது.
பூச்சியம் மட்டும் வரவில்லை.

கதவு எனக்குத் தெரியாததல்ல.
தாண்டிக்குளத்தில் அம்மாவின் பையைக் கவிழ்த்து
பனடோல் எண்ணிய பொடியனுக்கு
மீசைகூட ஒழுங்காக வரவில்லை.
பாதியை மேசையில் ஒதுக்கி
போ என்று தலையாட்டினான்.
அந்த அட்டையின் பின்பக்கத்தை
அன்று நான் திருப்பிப் பார்க்கவில்லை.
இந்த நகரத்தில் செய்ததாக இருக்கலாம்.
இந்த நகரத்தில் வரி கட்டியதாகவும்.

மருதானையில் இஸ்மத்தின் பாமசி.
கண்ணாடியில் காட்போட் மட்டை, தடித்த எழுத்து:
இக்கொம்பனியின் மருந்து இங்கு விற்பதில்லை.
நிலூபா வந்தாள். மட்டையை வாசித்தாள்.
ஒன்றும் கேட்காமல் நின்றாள்.
இஸ்மத் குனிந்து, செருப்புப் பெட்டிக்குப் பின்னாலிருந்து
இரண்டு அட்டைகளை எடுத்து
பத்திரிகையில் சுற்றிக் கொடுத்தான்.
போன தட்டுப்பாட்டில் வேறு மாத்திரை மாற்றி
அவள் மகன் பள்ளிப் படியில் விழுந்தவன்.
முன்பல் இரண்டும் இல்லை.

அவள் போனபிறகு என்னைப் பார்த்துக் கேட்டான்:
'உங்கட பதிவு ஜூனோட முடியுதாமே.
புதுப்பிக்காட்டி பொடியனுக்கு என்ன குடுக்கிற?
புதுப்பிச்சா இந்த மட்டைய என்ன செய்யிற?'
பகிடி மாதிரித்தான் கேட்டான்.
நான் இருமல் மருந்து ஒன்று வாங்கிக்கொண்டு வந்தேன்.
எனக்கு இருமல் இல்லை.

இன்று காலை அலுமாரியைக் கிண்டினேன்.
அடியில், எட்டு மாதமாய், வேறொரு சிறு கொம்பனியின் கோப்பு:
அதே மருந்து, ஒரு கையொப்பம் குறைவு.
தூசி தட்டி மேலே வைத்தேன்.
அது மேலே கிடப்பதால் மட்டும் எதுவும் நடவாது.
பரிசோதனைக்கே ஒரு வருடம் எடுக்கும்.
ஜூனுக்கு ஆறு கிழமை.

மற்றப் படிவத்தைத் திறந்தேன்.
உற்பத்தி நாடு என்ற கட்டம்
ஒரு பெயர் கொள்ளும் அளவு.
பேனையை அதற்குள் வைத்தபடி இருந்தேன்.
வாளி நிரம்பி
கோப்புகள் பக்கம் தண்ணீர் ஓடத் தொடங்கியது.