பதினாலாவதில் எட்டு

கடையத்துக்கும் ஆழ்வார்குறிச்சிக்கும் நடுவே
மலையைப் பார்த்துப் படுத்திருக்கிறது மைதானம்.
வரைந்தவன் நல்ல வில்லங்கக்காரன்.
நேர்வழி என்று ஒன்றுகூட வைக்கவில்லை.
புல்லைச் சீப்பால் வாரிவிட்டு,
மருதமரத்தடியில் மணலைக் கொட்டி,
பந்து எங்கே விழ ஆசைப்படும் என்று யோசித்து
அங்கேயெல்லாம் பள்ளம் பறித்திருக்கிறான்.

ஆனி மாதம்.
விழுகிறதா இல்லையா என்று தெரியாத சாரல்;
கண்ணாடியைத் துடைத்தால்தான் தெரிகிறது.
காற்று செங்கோட்டைக் கணவாயில் புகுந்து
தென்காசியில் திரும்பி
எங்கள் தொப்பியைத் தேடி வருகிறது.

முதல் அடியை
வாகைமரத்தில் வைத்தார் மைதீன் பிச்சை.
மேலப்பாளையத்தில் உரக்கடை.
"எழுதும் வே, எழுதும்" என்றார்.
அவர் அட்டை என் கையில், என் அட்டை அவர் கையில்.

எழுதத்தானே பிறந்தேன்.
முப்பத்தோரு வருஷம் உள்ளாட்சித் தணிக்கை.
எரியாத தெருவிளக்கு,
தூர்வாராத வாய்க்கால்,
ஒரே குளோரின் மூட்டைக்கு இரண்டு ரசீது.
பச்சை மசியில் ஓரத்தில் எழுதுவேன்:
ஏற்பதற்கில்லை.

என் பையைச் சுமப்பவள் ஆவுடைத்தங்கம்.
நடந்துகொண்டே குழுக் கடன் தவணையைப்
போனில் பேசி முடிப்பாள்,
நான் மட்டையைத் தொட்டதும் போனை அணைப்பாள்.
"காத்துக்கு ஒண்ணு கூட்டிப் போடுங்க சார்."
கூட்டிப் போட்டால் தப்பிப்பேன்.
போடாத நாளில் அவள் ஒன்றும் சொல்லமாட்டாள்,
குளத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

பதினாலாவது குழி. ஐந்தடிக் கணக்கு.
இடது பக்கம் தேக்கு, வலது பக்கம் தண்ணீர்,
முடிவில் குளித்துக் கரையேறிய
எருமை முதுகாய் ஒரு கிரீன்.

முதல் அடி எனக்கே நம்பமுடியாத அடி.
இரண்டாவது, தேக்குக்குள்.
பின்னாலேயே போனேன்.
மாசியில் உதிர்ந்து
சாரலில் ஊறிய சருகு; கீழே பந்து.
ஒரு இலையை எடுத்தேன்.
பந்து
அரைச்சுற்று புரண்டது.
வானம் பார்த்திருந்த நம்பர்
மண்ணைப் பார்த்தது.

யாரும் இல்லை.
ஒரு மயில் இருந்தது, அதற்கு விதிமுறை தெரியாது.
பழைய இடத்திலேயே திருப்பி வைத்தேன்.
அதுவரை சரி.
தண்டம் ஒன்று. அது சொன்னால்தான் உண்டு.

அங்கிருந்து அடித்ததுதான்
இந்த ஜென்மத்தில் நான் அடித்த நல்ல அடி.
கிளைக்குக் கீழே, இரண்டு அடிமரத்துக்கு நடுவே,
பாம்பு போல் போய்
கிரீனில் ஏறி நின்றது.
மைதீன் பிச்சை கைதட்டினார்.
நின்றது, யோசித்தது,
பைய
பின்னோக்கி உருண்டு
மணலுக்குள் இறங்கியது.

மணலில் இரண்டு. உருட்டியது இரண்டு.

"எத்தன வே?"

பென்சில் சாரலில் நனைகிறது.
எனக்கு ஒரு ஊராட்சி எழுத்தர் ஞாபகம் வந்தது.
வன்னியநாதன், சோடாப்புட்டிக் கண்ணாடி.
"ஒரே ஒரு விளக்கு சார், யாரு எண்ணப் போறா?"
நான் எண்ணினேன்.
அவனுக்கு ஊதிய உயர்வு நின்றது.

"எட்டு."

"ஏழுதான வே, நானும் எண்ணிட்டுத்தான வாரேன்?"

"எட்டுன்னு போடும்."

போட்டார்.
உடனே நெஞ்சுக்குள் ஒரு சின்னப் பெருமை
தோகை விரித்தது.
அந்தப் பதிவையும்தான் ஓரத்தில் குறிக்கவேண்டும்,
பச்சை மசி கைவசம் இல்லை.

பதினைந்தில் எதிர்க்காற்று.
பையிலிருந்து மட்டையை உருவி,
துண்டால் துடைத்து,
என் முகத்தைப் பார்க்காமலே நீட்டினாள் ஆவுடைத்தங்கம்.

"தேக்குச் சருகுல பந்து நிக்காது சார்.
தொட்டா புரளும்."

எங்கே நின்று பார்த்தாள் என்று
நான் கேட்கவில்லை.

"காத்து ஏறிட்டு.
ரெண்டு கூட்டிப் போடுங்க."